கேஸ் போகலண்ணே, சென்சார் பொய் சொல்லுது!

ஃபிரிட்ஜ் ரிப்பேரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் ஹாஸ்டலில் ஒரே சிரிப்பு. "போன தடவை டவுன் பஸ் கண்டக்டர், அதுக்கு முந்தி கோலப்பொடி, இப்ப ஃபிரிட்ஜா? அடுத்து கிரைண்டரைப் பத்தி எழுதுடி" என்றாள் அறைத்தோழி. எழுதினாலும் எழுதுவேன். ஆனால் இந்த ஃபிரிட்ஜ் விவகாரத்தில் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. கோபம் ஃபிரிட்ஜ் மேல் இல்லை. மெக்கானிக் மேலும் (ரொம்ப) இல்லை. கொஞ்சம் என் மேலேயே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதி இறக்கி வைக்கிறேன்.

மே மாத லீவுக்கு மதுரைக்கு வந்திருந்தேன். வந்த மூன்றாம் நாள் காலையில் அம்மா ஃபிரிட்ஜைத் திறந்தால், இட்லி மாவு பொங்கி தூக்கிலிருந்து வழிந்து, கண்ணாடித் தட்டு, காய்கறிப் பெட்டி என்று எல்லாவற்றிலும் ஒழுகி நிற்கிறது. பால் திரிந்துவிட்டது. மேலே ஃப்ரீசரைத் திறந்தால் ஐஸ் தட்டில் ஐஸ் கல்லு மாதிரி இருக்கிறது. கீழே மட்டும் வெதுவெதுப்பு. "மேல ஐஸ் கட்டி, கீழ மாவு பொங்குது. என்ன கூத்துடி இது?" என்று அம்மா என்னைக் கேட்டார். நான் மூன்றாம் வருட ட்ரிபிள் ஈ மாணவி. கரண்ட் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். எனக்குப் பதில் தெரியவில்லை.

மாவும் பாலும் போனால் போகட்டும். நடுத்தட்டில் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் அப்பத்தாவின் இன்சுலின் குப்பிகள் இருந்தன. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது. கெட்டுப்போன பால் திரிந்து காட்டிக்கொடுத்துவிடும். வீரியம் குறைந்த இன்சுலின் பல நேரம் பார்க்க அப்படியேதான் இருக்கும். ஊசி போட்டபின் சர்க்கரை இறங்காதபோதுதான் தெரியும். மே மாத மதுரை வெயில் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கே குப்பிகளை மாடி வீட்டு அத்தையின் ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைத்தோம். தினம் உபயோகிக்கிற குப்பியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டார் அப்பத்தா. "ஃபிரிட்ஜ் வாங்குறதுக்கு முந்தி நாங்க இப்படித்தான் வச்சிருந்தோம், போத்தா" என்று எனக்கு ஆறுதல் வேறு. 

மெக்கானிக் அண்ணன் வந்தார். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அவர்தான். ஃபிரிட்ஜைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார், பின்னால் போய்க் கம்ப்ரெஸரைத் தொட்டுப் பார்த்தார், இரண்டு நிமிடம் காதை வைத்துக் கேட்டார். "கேஸ் போச்சுக்கா. கடைக்குத் தூக்கிட்டுப் போயி லீக் பாத்து அடைச்சு, வாக்கம் போட்டு, புது கேஸ் ஏத்தணும். நாலாயிரத்து ஐநூறு ஆகும்" என்றார். நான் எட்டிப் பார்த்ததும் "பாப்பா, கரண்டு இருக்கு, தள்ளி நில்லு" என்றார். பாப்பா தள்ளி நின்றது. ட்ரிபிள் ஈ பாப்பா! :-)

அப்பாவுக்குச் சம்பளம் வர ஒன்பது நாள் இருந்தது. "ஒண்ணாந்தேதிக்கு மேல பாத்துக்கலாம்" என்று ஃபிரிட்ஜை அணைத்து, கதவைத் திறந்து போட்டுவிட்டோம். அடியில் ராத்திரியெல்லாம் தண்ணீர் ஓடியது. இரண்டு நாள் கழித்து, தண்ணீர் பாட்டிலாவது வைக்கலாமே என்று அம்மா சும்மா போட்டுப் பார்த்தார். கீழ்த்தட்டு ஜில்லென்று ஆகிவிட்டது! "தானா சரியாப் போச்சு" என்று ஆளுக்கு ஆள் சந்தோஷப்பட்டோம். இன்சுலின் மாடியிலிருந்து இறங்கி வந்தது. எட்டாம் நாள் திரும்பவும் மாவு பொங்கியது. அதே கதை, அதே வழிசல். இன்சுலின் மறுபடி மாடிக்கு.

இந்த இடத்தில்தான் என் மண்டையில் ஏதோ தட்டியது. வெளியே போன கேஸ் இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வருமா? ஓட்டை விழுந்த சைக்கிள் டியூபில் ராத்திரியோடு ராத்திரியாகக் காற்று தானே ஏறுமா? அப்படியென்றால் போனது கேஸ் இல்லை. அணைத்துப் போட்டால் சரியாகி, எட்டு நாள் ஓடினால் கெட்டுப் போகிற ஏதோ ஒன்று. எது அது?

கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசரைச் சுற்றி ஐஸ் கட்டும். தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் இருக்கும் பட்டனை நாமே அழுத்தி உருக வைப்போம். இரண்டு கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் அந்த வேலை நமக்கு இல்லை. அதில் குளிர்ச்சி தரும் காயில் ஃப்ரீசரின் பின்சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஒரு ஃபேன் அந்தக் காயில் வழியாகக் காற்றை இழுத்து ஃப்ரீசருக்கும், ஒரு குழாய் வழியாகக் கீழ்த்தட்டுக்கும் அனுப்புகிறது. கீழே தனியாகக் காயில் கிடையாது. மேலே உண்டான குளிர்காற்று வந்தால்தான் கீழே குளிர்ச்சி.

கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகும் ஈரம் அந்தக் காயிலில்தான் பனியாகப் படியும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரெஸர் நிற்கும். காயிலுக்கு அடியில் இருக்கும் ஹீட்டர் எரியும். பனி உருகி, குழாய் வழியாகப் பின்பக்கம் கம்ப்ரெஸருக்கு மேலே இருக்கும் தட்டில் விழுந்து ஆவியாகிவிடும். ஆமாம், ஃபிரிட்ஜுக்குள் ஹீட்டர் இருக்கிறது. இதைச் சொன்னபோது அம்மா நம்பவில்லை. என் வகுப்பிலேயே நாலு பேர் நம்பவில்லை.

ஹீட்டர் எப்போது நிற்க வேண்டும்? இதைச் சொல்லத்தான் காயிலில் ஒரு சென்சார் மாட்டியிருக்கிறார்கள். பழைய மாடல்களில் இந்த வேலைக்கு டைமரும் இரட்டை உலோகத் தகடு போட்ட தெர்மோஸ்டாட்டும் இருந்தன. இப்போது இருப்பது தெர்மிஸ்டர். மிளகு அளவு மணி ஒன்று, இரண்டு வயர், மேலே பிளாஸ்டிக் தொப்பி. குளிரக் குளிர அதன் மின்தடை ஏறும், சூடாகச் சூடாக இறங்கும். போர்டு அந்த ஓமைப் பார்த்து, காயில் பத்து டிகிரி வாக்கில் வந்துவிட்டது, பனி எல்லாம் போயிருக்கும் என்று முடிவு செய்து ஹீட்டரை நிறுத்தும்.

பனி முழுதாக உருகவில்லை என்றால்? மிச்சப் பனி மேல் அடுத்த பனி ஏறும். நாளாக ஆகக் காயில் ஐஸ் சுவராகிவிடும். காற்று புக வழியில்லை. பக்கத்திலேயே இருப்பதால் ஃப்ரீசர் ஒப்பேற்றிக்கொள்ளும், கீழ்த்தட்டுதான் முதலில் பட்டினி கிடக்கும். மாவு பொங்கும்.

இதற்கு நடுவில் இரண்டாவதாக ஒருவர் வந்தார். கம்பெனி சர்வீஸ் ஆள். மெமரியில் எந்த எர்ரர் கோடும் இல்லை என்று பார்த்தார். "சென்சார் போயிருந்தா கோடு காட்டும். காட்டல. அப்ப போர்டுதான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 6,800 ரூபாய். இரண்டு நிபுணர்கள், இரண்டு தீர்ப்பு. இரண்டு பேருமே ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றவில்லை. இரண்டு பேர் கையிலும் மல்டிமீட்டர் இருந்தது. ஒருவரும் வெளியே எடுக்கவில்லை.

அன்று மதியம் அப்பா டூட்டிக்குப் போனதும் பிளக்கை உருவிவிட்டு நானே அந்தப் பலகையைக் கழற்றினேன். (அம்மா வாசலில் காவல். அப்பத்தா திண்ணையிலிருந்து "புள்ள படிச்சிருக்குல்ல, விடு" என்று எனக்கு ஓட்டுப் போட்டார்.) உள்ளே காயிலே தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை, இடமிருந்து வலம்வரை, ஒரே வெள்ளைச் சுவர். ஃபேன் இறக்கைக்கு ஒரு விரல்கடை தூரத்தில் ஐஸ் நின்றது.

அந்த வெள்ளைச் சுவர் ஒன்றே நாலாயிரத்து ஐநூறு ரூபாயை மிச்சம் பிடித்தது. ஏனென்றால் கேஸ் குறைந்திருந்தால் காயில் முழுக்கப் பனி பிடிக்காது. கேஸ் உள்ளே நுழைகிற ஆரம்பப் பகுதியில் மட்டும் ஒரு கொத்தாகப் பிடித்துவிட்டு மிச்சம் வெறுமையாக இருக்கும். எல்லாப் பக்கமும் பனி என்றால் காயில் முழுக்கக் குளிர்கிறது, கேஸ் இருக்கிறது, கம்ப்ரெஸர் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். குளிர வைப்பதில் கோளாறில்லை. உருக வைப்பதில்தான் கோளாறு. நாலு ஸ்க்ரூவைக் கழற்றியிருந்தால் அந்த அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியாத விஷயமா இது?

ஒரு எச்சரிக்கை. ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்க்காதீர்கள். அலுமினியக் குழாய் மெல்லியது, ஒரு குத்தில் ஓட்டை விழும். அப்போது நிஜமாகவே கேஸ் போகும். அதோடு இப்போது வரும் பெரும்பாலான வீட்டு ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். தீப்பற்றும் வாயு, நம் சமையல் கேஸுக்குச் சொந்தக்காரன். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று பின்பக்க லேபிளில் போட்டிருக்கும். நான் கதவைத் திறந்து வைத்து, கீழே துணி விரித்து, தானாக உருகும்வரை காத்திருந்தேன். நாலு மணி நேரம் ஆனது. இன்னொன்று, பிளக்கை உருவாமல் எதையும் தொடாதீர்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் வீட்டு வயரிங்கை நம்புகிறவர்கள். நான் நம்புவதில்லை.

பிறகு அளந்தேன். ஹீட்டரின் இரண்டு முனைக்கும் இடையே 350 ஓம் சொச்சம். அதன் மேல் 150 வாட் என்று போட்டிருந்தது. 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 353 வரவேண்டும். ஹீட்டர் நல்லது. அதோடு தொடராக இருக்கும் தெர்மல் ஃபியூஸும் அறுந்து போகவில்லை. மிச்சம் இருந்தது சென்சார். கனெக்டரை உருவி அளந்தால் 3.6 கிலோ ஓம். இது நல்லதா கெட்டதா? யாருக்குத் தெரியும்! ஃபிரிட்ஜோடு வந்த கையேட்டில் சூடான பாத்திரத்தை உள்ளே வைக்காதீர்கள் என்று பல மொழிகளில் போட்டிருந்தது. சென்சாரின் ஓம் அட்டவணை ஒரு மொழியிலும் இல்லை.

சென்சாரை எடுத்துக்கொண்டு சிம்மக்கல் பக்கம் ஃபிரிட்ஜ் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் தன் மீட்டரை வைத்து அளந்தார். அதே மாதிரிப் புதுசு ஒன்றையும் அளந்தார். புதுசு 4.2, பழசு 3.6. "ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதாம்மா இருக்கு. ஒங்க சென்சார் நல்லாத்தான் இருக்கு. போர்டைப் பாரு" என்றார். காசு வரும் வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்ன நல்ல மனிதர். நானும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன். வெளியே வந்தால் பக்கத்தில் ஜிகர்தண்டா கடை.

ஐஸ்! இந்தச் சென்சார் வேலை செய்கிற இடம் கல்லாப்பெட்டி மேஜை இல்லையே, ஐஸுக்கு நடுவில்தானே? வெயிலில் அளந்து என்ன புண்ணியம்? திரும்பப் போய் 180 ரூபாய் கொடுத்துப் புதுச் சென்சாரை வாங்கிக்கொண்டு, ஜிகர்தண்டா ஒன்று சொல்லி, "அண்ணே, தனியா ஒரு டம்ளர்ல ஒடச்ச ஐஸும் கொஞ்சம் தண்ணியும் குடுங்க" என்றேன். உடைத்த ஐஸும் தண்ணீரும் நன்றாகக் கலந்து நிற்கும் டம்ளர் 0 டிகிரி. பள்ளிக்கூடத்துப் பாடம்தான், இதைவிட மலிவான, நம்பகமான அளவுகோல் கிடையாது. இரண்டு சென்சாரையும் சேர்த்து முக்கி, ஐந்து நிமிடம் கிண்டிவிட்டு அளந்தேன். பக்கத்து மேஜைக் குடும்பம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

புதுசு 13.2 கிலோ ஓம். பழசு 9.

இரண்டாவது தடவையும் அளந்தேன். மூன்றாவது தடவையும். 13.2, 9. வெயிலில் அண்ணன் தம்பி மாதிரி இருந்த இரண்டும் ஐஸில் அடியோடு பிரிந்துவிட்டன.

எப்படி இப்படி ஆகும் என்று டம்ளர் உருகும்வரை யோசித்தேன். வருடக்கணக்காக உறைவதும் உருகுவதுமாக இருந்ததில் அந்தப் பிளாஸ்டிக் தொப்பிக்குள் ஈரம் இறங்கியிருக்க வேண்டும். ஈரம் என்றால் தெர்மிஸ்டருக்குப் பக்கவாட்டில் ஒரு கள்ளப்பாதை. கணக்குப் போட்டால் அந்தக் கள்ளப்பாதையின் மின்தடை 28 கிலோ ஓம் வாக்கில் வருகிறது. வெயிலில் தெர்மிஸ்டரின் சொந்தத் தடை நாலுதான். அதற்குப் பக்கத்தில் 28 இருந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. குளிரில் சொந்தத் தடை 13, 20, 30 என்று ஏறும்போதுதான் கள்ளப்பாதை பெரிய ஆளாகிறது. காயில் மைனஸ் 20-ல் இருக்கும்போது இந்தச் சென்சார் போர்டிடம் "மைனஸ் 3" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. டம்ளரில், 0 டிகிரியில், "ஒன்பதுக்கு மேல்" என்கிறது. கடைக்காரரின் மேஜையில் அது சொன்னது கிட்டத்தட்ட 34. மதுரையில் 34 டிகிரி என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்?

இப்போது டீஃப்ராஸ்டுக்கு வாருங்கள். ஹீட்டர் எரிகிறது, காயில் மைனஸிலிருந்து ஏறி 0-வைத் தொடுகிறது. ஐஸ் உருகி முடியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அப்போதுதான் முக்கியமான வேலையே ஆரம்பம். ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோ ஜூல் வேண்டும். 150 வாட் ஹீட்டர் ஒரு துளி வெப்பத்தையும் வீணாக்காவிட்டாலும் 37 நிமிடம் ஆகும். ஆனால் காயில் 1 டிகிரிக்கு வந்த நிமிடமே நம் சென்சார் "பத்து வந்தாச்சு, நிறுத்து" என்று கூவிவிடுகிறது. ஹீட்டர் அணைகிறது. பாதி ஐஸ் அப்படியே நிற்கிறது, மறுபடி உறைகிறது. போன டீஃப்ராஸ்ட் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைப் பார்த்து அடுத்ததைத் தீர்மானிக்கும் மாடல்களும் உண்டு. அவற்றில் கதை இன்னும் மோசம். "சீக்கிரம் முடிந்துவிட்டதே, அப்படியென்றால் பனி குறைவு, அடுத்ததைத் தள்ளிப் போடலாம்" என்று போர்டு தன்னைத்தானே பாராட்டிக்கொள்ளும்.

எர்ரர் கோடு ஏன் வரவில்லை என்பதற்கும் இதுவே பதில். சென்சார் வயர் அறுந்தாலோ, இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டாலோ போர்டு உடனே கண்டுபிடித்துவிடும். ஏனென்றால் அந்த அளவு உலகத்தில் நடக்க முடியாத அளவு. ஆனால் ஒன்பது டிகிரி நடக்கக்கூடிய அளவு. செத்த சென்சாரைப் போர்டு பிடித்துவிடும், பொய் சொல்லும் சென்சாரைப் பிடிக்காது. அந்தச் சர்வீஸ்காரர் சொன்ன "கோடு காட்டல, அப்ப சென்சார் நல்லது" என்ற வாதம் பாதிதான் உண்மை. போர்டை மாற்றியிருந்தால் புதுப் போர்டும் அதே பொய்யை நம்பியிருக்கும். 6,800 ரூபாய்க்கு எட்டு நாள் மகிழ்ச்சி.

எல்லா ஃபிரிட்ஜிலும் சென்சார்தான் குற்றவாளி என்று நான் சொல்லவே இல்லை. ஹீட்டர் எரிந்து போகலாம், ஃபேன் நிற்கலாம், தண்ணீர் போகும் குழாய் அடைக்கலாம், கதவு ரப்பர் இளித்துக்கொண்டு ஈரம் புகலாம். நிஜமாகவே கேஸும் போகலாம். எதுவானாலும் அளக்காமல் தீர்ப்பு சொல்லாதீர்கள் என்பதுதான் என் வாதம். டாக்டர் ரத்தம் எடுக்காமல் "கிட்னியை மாத்திரலாம்" என்று சொன்னால் சும்மா இருப்போமா?

ஆனால் மெக்கானிக் அண்ணனைத் திட்டிவிட்டு முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். அவர் பலகையைக் கழற்றி, ஐஸை உருக்கி, ஒவ்வொன்றாக அளந்து, "சென்சார் மட்டும்தான்க்கா, 180 ரூபா" என்று சொல்லியிருந்தால் அரை நாள் போயிருக்கும். அந்த அரை நாளுக்கு நாம் என்ன கொடுத்திருப்போம்? "பாத்துச் சொன்னதுக்கா காசு?" என்று நம் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். 200 ரூபாய் கொடுக்க மூக்கால் அழுதிருப்போம். அதே ஆள் கம்ப்ரெஸரைத் தூக்கிக்கொண்டு போய்க் கொண்டுவந்தால் நாலாயிரத்தைக் கேள்வி இல்லாமல் கொடுக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் சாமானுக்குத்தான் நம்மிடம் காசு. கண்டுபிடித்த மூளைக்குக் கிடையாது. அப்புறம் ஏன் அவர் கண்டுபிடிக்கப் போகிறார்? சாமானைத்தான் மாற்றுவார். அந்தப் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நாம்தான்.

கம்பெனிகளுக்கும் பங்கு இருக்கிறது. இந்த மாடலில் எந்தச் சென்சார், எத்தனை டிகிரியில் எத்தனை ஓம் என்பது ஒரு அரைப் பக்கத் தாள். அதை ஃபிரிட்ஜின் பின்னால் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? அமெரிக்காவில் விற்கும் பல ஃபிரிட்ஜ்களில் சர்க்யூட் படமும் அளவுகளும் உள்ள தாளை மடித்துக் கீழ்ப்பலகைக்குப் பின்னாலோ வேறு மூலையிலோ செருகி வைப்பது நெடுநாள் வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் கொண்டுவந்து 2021 மார்ச்சில் அமலான விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு மாடலின் கடைசி ஃபிரிட்ஜ் சந்தைக்கு வந்தபின் குறைந்தது 7 வருடம் அதன் தெர்மோஸ்டாட், வெப்பச் சென்சார், போர்டு எல்லாம் ரிப்பேர்காரர்களுக்குக் கிடைக்க வேண்டும். கதவு ரப்பர் 10 வருடம். வெப்பச் சென்சார் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்! மிளகு அளவுச் சாமானுக்கு அங்கே சட்டத்தில் இடம். இங்கேயும் 2022 டிசம்பரில் மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. கம்பெனிகள் தங்கள் பொருட்களின் கையேடு, ரிப்பேர் விவரங்களை அதில் தர வேண்டும் என்பது நோக்கம். நல்ல ஆரம்பம்தான். ஆனால் வாடிக்கையாளர் கையேட்டை அதில் போடுவது வேறு, ஓம் அட்டவணையைப் போடுவது வேறு. எனக்கு வேண்டியது இரண்டாவது.

கடைசியாக என் கோபம், என் மேலேயே. இன்ஸ்ட்ருமென்டேஷன் பேப்பரில் தெர்மிஸ்டருக்கு வளைவு வரைந்து, சூத்திரம் எழுதி, முழு மார்க் வாங்கியவள் நான். அதுவரை ஒரு தெர்மிஸ்டரைக் கையால் தொட்டதில்லை. லேபில் பெட்டிக்குள் வைத்து மூடி, இரண்டு முனை மட்டும் வெளியே நீட்டியிருப்பார்கள். நாங்கள் ரீடிங்கைப் போன வருட ரெக்கார்டிலிருந்து காப்பி அடிப்போம். (எந்தக் காலேஜ் என்று கேட்காதீர்கள்.) அம்மா "என்ன கூத்துடி இது" என்று கேட்ட அன்றைக்கு என்னிடம் பதில் இல்லாததற்குக் காரணம் பாடம் தெரியாதது இல்லை. அந்தப் பாடம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பதே தெரியாது.

புதுச் சென்சாரை மாட்டிவிட்டேன். ஆனாலும் நான் கழற்றிய பலகையை நானே மூட பயமாக இருந்தது. வயர் எங்காவது ஃபேனில் மாட்டிக்கொண்டால்? மெக்கானிக் அண்ணனைத்தான் கூப்பிட்டேன். கொஞ்சம் கோபமாக வந்தார், நியாயம்தான். ஒரு டம்ளரில் ஐஸ் போட்டுப் பழைய சென்சாரையும் மீட்டரையும் அவர் கையிலேயே கொடுத்தேன். ஒன்பதைப் பார்த்தார், வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு 3.6-ஐப் பார்த்தார், மறுபடி முக்கினார். "இத்தனை வருசமா வெளியில வச்சுத்தான் பாப்பா அளந்துக்கிட்டு இருக்கேன்" என்றார். அப்புறம் வயரை எல்லாம் அழகாகக் கட்டி, தண்ணீர் போகும் குழாயில் வெந்நீர் ஊற்றிப் பார்த்து, பலகையை மூடிக் கொடுத்தார். நான் 300 ரூபாயை நீட்டினேன். "ஒரு சாமானும் மாத்தலையேடி" என்று அம்மா என் காதில் முணுமுணுத்தார். அவரும் முதலில் வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன்.

இது எழுதும்போது இருபத்தாறு நாள் ஆகிறது. மாவு பொங்கவில்லை. மாடி வீட்டு அத்தைக்கு ஒரு தூக்கு கேப்பைக்கூழ் போனது, இன்சுலின் டப்பா நடுத்தட்டுக்குத் திரும்பி வந்தது. அப்பத்தா மட்டும் மண்பானையை எடுக்கவிடவில்லை, இருக்கட்டும் என்கிறார்.

பழைய சென்சார் என் பென்சில் டப்பாவில் இருக்கிறது. செமஸ்டர் திறந்ததும் கொண்டுவருகிறேன். நம்பாதவர்கள் அளந்து பார்க்கலாம், ஐஸ் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.